‘மாத்தியே ஆகணுமா?’: பட்டறையில் கேட்கத் தயங்கும் கேள்விகள்

ஆயில் மாற்றத்தான் காரை விட்டேன். அரை மணி நேரத்தில் போன்: "முன் பிரேக் பேட் சுத்தமாகத் தேய்ந்துவிட்டது, இப்படியே ஓட்டினால் ஆபத்து." பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. நம்பலாமா?

போனில் சம்மதம் சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால், சக்கரத்தைக் கழற்றிய நிலையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இன்னும் எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கிறது?" பெரும்பாலான கார்களில் புதுப் பேட் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். 6 மி.மீ. இருக்கும்போதே ஆபத்து என்று பயமுறுத்தினால், தைரியமாக வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம். பின்னால் இருக்கும் இரும்புத் தகடு இந்தக் கணக்கில் வராது. உராயும் பகுதியை மட்டும்தான் அளக்க வேண்டும்.

ஆனால் "பிரேக் நன்றாகப் பிடிக்கிறது" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தட்டத் தீர்ந்துபோன பேடும் நன்றாகவே பிடிக்கும். உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட வேகமாகத் தேய்வதும் உண்டு. வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், இரண்டையும் பாருங்கள். பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கையும் மாற்றச் சொன்னால், குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் அந்த டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வருடா வருடம் ஏசிக்கு கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள். எல்லோரும் செய்கிறார்களே?

கார் ஏசி மூடிய அமைப்பு. பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீராது. குழாய் இணைப்புகள் வழியாக மிக மெல்லக் குறைவது இயல்புதான், ஆனால் ஒரே வருடத்தில் குளிர்ச்சி போய்விடுகிறது என்றால் எங்கோ கசிகிறது. நீங்கள் வருடா வருடம் அந்த ஓட்டை வழியாகப் பணத்தை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கசிவை முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை உள்ளே செலுத்திப் பார்ப்பது வழக்கமான முறை. குளிர்ச்சி குறையவே இல்லையா? அப்படியானால் கை வைக்கவே வேண்டாம்.

இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேன் செய்துவிட்டு ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி எரிகிறது. இப்போது வினையூக்கி மாற்றி (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) போய்விட்டதாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஸ்கேனர் தருவது அறிகுறியை. எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்வதில்லை. ஸ்கேனரில் பி0420 என்ற பிழை எண் வந்தால், வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யவில்லை என்று கணினிக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். வினையூக்கி மாற்றியே கெட்டிருக்கலாம், புகைக் குழாயில் கசிவு இருக்கலாம், சென்சாரும் கெட்டிருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ரிப்பேர் ஆகாது. அது உங்கள் செலவில் நடக்கும் ஊகம்.

சோதனை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவது) இருக்கும் வண்டியில், நல்ல மெக்கானிக் முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை முதலில் போட்டு ஓட்டிப் பார்ப்பார். எண் பி0302 என்று மாறினால் காயில்தான் காரணம். பி0301-லேயே நின்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, புதுப் பாகம் எதுவும் தேவையில்லை. ஆகவே எண்ணை எழுதி வாங்குங்கள். "இந்தப் பாகம்தான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சோதித்தவர் என்ன செய்தேன் என்று சொல்வார். சோதிக்காதவர் "அனுபவம்தான்" என்பார்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிகிறது என்று தொட்டுக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தேன், அதனால் ஒப்புக்கொண்டேன். சரிதானே?

இதில் கண்ணும் ஏமாறும். நான் வேலை பழகிய இடத்திலேயே, நல்ல ஷாக் அப்சார்பர் மீது எண்ணெய் தெளித்துவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்போது வாய் திறக்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்று கவனித்த ஒன்றைச் சொல்கிறேன்: நாள்பட்டக் கசிவு என்றால் எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுப்பாக, பிசுபிசுவென்று படிந்திருக்கும். புதிதாகத் தெளித்தது பளபளவென்று சுத்தமாக இருக்கும். சந்தேகம் வந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி, மறுபடி பாருங்கள். மேலே லேசான ஈரப்படலம் மட்டும் இருந்தால் அது பழுது இல்லை.

வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் டைமிங் பெல்ட் மாற்றும் கெடு வந்துவிட்டது என்கிறார்கள். இதுவும் ஏமாற்றா?

இல்லை. உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதில் போட்டிருக்கும் கிலோமீட்டரோ வருடமோ கடந்திருந்தால், அவர் சொல்வது சரி. வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றுக்கொன்று ஒத்து ஓட வைக்கும் இந்தப் பெல்ட் அறிகுறி காட்டாமலே அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அப்போது வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். கையேட்டில் இல்லாத இன்ஜின் ஃப்ளஷ் (ரசாயனம் ஊற்றி இன்ஜினை உள்ளே கழுவுவது) மாதிரியான ‘கூடுதல் சுத்தம்’ எதையாவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டிவிட்டேன். மாற்றியதாகச் சொன்ன பாகத்தை மாற்றவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

சண்டைக்குப் போகும் முன், எதையும் கழற்றாமல் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் பார்த்ததைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது கழற்றிப் போட்டுவிட்டால் உங்கள் ஆதாரம் போய்விடும். அப்புறம் பில்லோடு போய் முதலாளியிடமே பேசுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் கீழே நடப்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. தீராவிட்டால் அந்தத் தாள்களோடு நுகர்வோர் புகார் கொடுங்கள்.

அடுத்த முறை வேலை தொடங்கும் முன்பே, "பழைய பாகத்தை வண்டியில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லி, அதை வேலைச்சீட்டில் எழுத வையுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றைப் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் முறையில் வாங்கியிருந்தால் திருப்பித் தர முடியாது. அப்போதும் கழற்றியதை ஒரு தடவை கண்ணில் காட்டச் சொல்லலாம்.