விதியைப் போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் தியோ வான் டூஸ்பர்க்கின் 'எண்கணிதக் கோர்வை' ஓவியத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வெளிறிய பரப்பில் சாய்ந்து நிற்கும் நான்கு கறுப்புச் சதுரங்கள். நான் கட்டடப் பொறியாளர். ஆட்டோகேடில், அதாவது கட்டட வரைபடம் போடும் கணினி மென்பொருளில், இதை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவேன். அளவெல்லாம் கணக்கே சொல்லிவிடுகிறது என்றால் ஓவியருக்கு அங்கே என்ன வேலை? தப்பாக நினைக்க வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. வான் டூஸ்பர்க்கே பாதி உங்கள் கட்சிதான். 1930ல் பாரிஸில் நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், படம் மனதில் முழுசாக முடிவான பிறகே வரையத் தொடங்க வேண்டும், செய்முறை இயந்திரம் போலத் துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறார். ஆட்டோகேடைக் காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் உங்கள் இரண்டு நிமிடம் அவர் முடிவெடுத்து முடித்த பிறகு தொடங்குகிறது. கணக்காகவே பாருங்கள். 101 செ.மீ. சதுரக் கித்தான். மூலைவிட்டத்தின் மேல் வரிசையாகச் சதுரங்கள், ஒவ்வொன்றின் பக்கமும் முந்தையதில் பாதி. பெரியது 1 என்றால் அடுத்தவை 1/2, 1/4, 1/8. பரப்பளவில் நான்காவது, முதலாவதில் 64ல் ஒரு பங்கு. இந்தத் தொடரை எவ்வளவு நீட்டினாலும் பக்கங்களின் கூட்டுத்தொகை 2ஐத் தொடாது. அதாவது, முடிவே இல்லாத ஒரு வரிசை ஒரு மீட்டர் துணிக்குள் அடங்கிவிடும். ஐந்தாவதற்கும் கணக்குப்படி இடமுண்டு. அவர் நான்கோடு நிறுத்திவிட்டார், மீதியைப் பார்ப்பவர் கண் போட்டுக்கொள்கிறது. அப்புறம் அந்த 45 பாகைச் சாய்வு. கணக்குக்கு அது தேவையே இல்லை, நேராக வைத்தாலும் பாதி பாதிதான்.

சாய்வை அவர் 1924 வாக்கிலேயே கித்தானில் கொண்டுவந்துவிட்டார். செங்கோணக் கோடுகளையே வரைந்த சக ஓவியர் மோந்திரியானோடு பிரிவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அந்தச் சாய்வின் வேலை எனக்கு விளங்கியது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓபெத் கட்டடத்தை வைத்துத்தான். 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே உணவகம், நடன அறை, சினிமா என்று கேளிக்கைக் கூடமாக மாற்றும் வேலையை 1926 முதல் இவரும், கலைஞர்களான ஹான்ஸ் ஆர்ப்பும் அவர் மனைவி சோஃபி டாய்பர்-ஆர்ப்பும் செய்தார்கள். சினிமாவும் நடனமும் நடக்கும் அறையில் சுவரிலும் கூரையிலும் வண்ணக் கட்டங்களைச் சாய்த்து, சற்றுப் புடைப்பாக ஓடவிட்டார். கதவும் சன்னலும் செங்கோணத்தில் நிற்க, வண்ணம் அதைக் குறுக்கே இழுக்கிறது. விழா அறையிலோ அதே மனிதர் செங்கோணக் கட்டங்களையே போட்டிருக்கிறார். எந்த அறைக்கு எந்த விதி என்று எந்தச் சூத்திரமும் அவருக்குச் சொல்லவில்லை. உங்கள் விதி உத்தரம் வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடையதற்கு அந்தச் சுமை கிடையாது, அதனால் தேர்வும் முழுக்க அவர் தலையில்தான்.

ஓபெத் 1928 பிப்ரவரியில் திறந்தது. ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1938ல் எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, 1931ல் 47 வயதிலேயே போய்விட்டார். மீட்டெடுக்கும் வேலை 2006ல்தான் முடிந்தது.

என்னைக் கேட்டால் அந்த ஓவியம் கொஞ்சம் வறட்சிதான். ஓபெத் அப்படியில்லை. அந்தச் சினிமா அறையின் படங்களைத் தேடிப் பாருங்கள். கதவும் சன்னலும் குறுக்கிடும் இடங்களில் சாய்கட்டங்களை எப்படிச் சமாளித்திருக்கிறார் என்பதை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் படிக்கத் தெரியும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.