லேடிஸ்மித் நிலத்தில் உள்ள கற்குவியல்: தள்ளிவிடலாமா?

வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித்தில் வாங்கிய நிலத்தில் பழைய கற்குவியல் இருக்கிறது, அடியில் கல்லறை இருக்கலாம் என்று பக்கத்துக்காரர் சொல்கிறார், புல்டோசரால் ஒதுக்கிவிட்டு வீடு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு கல்லைக்கூடப் புரட்டிப் பார்க்காதீர்கள்.

அது கல்லறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுலு இன வழிப்போக்கர்கள் பயணம் நல்லபடியாக அமைய ஆளுக்கொரு கல் போட்டுச் செல்லும் இசிவிவானேயாக இருக்கலாம், உழவுக்காகப் பொறுக்கிப் போட்ட வெறும் கற்களாகவும் இருக்கலாம். எந்தக் கல் எதன்மேல் கிடக்கிறது, எது மண்ணில் பாதி புதைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் தொல்லியலாளர் கண்டுபிடிப்பார். கலைத்துவிட்டால் அவராலும் சொல்ல முடியாது.

1999ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கத் தேசிய மரபுவளச் சட்டம் (எண் 25) இதில் தெளிவாக இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்லியல் இடத்தை அனுமதியின்றித் தோண்டக் கூடாது. மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவதும் தவறு. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் அங்கே கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். முறையான இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளையும் இதே சட்டம்தான் காக்கிறது. கரும்புத் தோட்டங்களில் பெயரில்லாமல் கிடக்கும் நம் முன்னோரின் கல்லறைகளும் அதில் அடங்கும், அண்ணா.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மரபுவளங்களைக் கவனிக்கும் அமாஃபா நிறுவனத்துக்கு எழுதுங்கள். அப்புறம், வீட்டு வரைபடத்தில் வீட்டை இப்போதே கற்குவியலிலிருந்து கொஞ்சம் தள்ளி வரையச் சொல்லுங்கள்.