இந்தியன் மாஸ்டர்ஸும் இந்தியன் ஓப்பனும் ஒன்றல்ல

வணக்கம். இந்திய கோல்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2008இல் வென்ற இந்தியன் மாஸ்டர்ஸ், இந்தியன் ஓப்பனின் இன்னொரு பெயர்தானா, உங்கள் வெற்றியாளர் பட்டியலில் அதை எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு போட்டிகள். இந்தியன் ஓப்பன் 1964இல் தொடங்கியது.

இந்தியன் மாஸ்டர்ஸ் ஒரே ஒருமுறை, 2008 பிப்ரவரியில், டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்தது. ஐரோப்பியச் சுற்று என்ற தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடர் இந்திய மண்ணில் நடத்திய முதல் போட்டி அதுதான். கொல்கத்தாவில் கோல்ஃப் புல்வெளியைப் பராமரித்துவந்த ஒருவரின் மகனான சௌராசியா, வெளிநாட்டு நட்சத்திரங்கள் திரண்டிருந்த களத்தில் அயர்லாந்தின் டேமியன் மெக்ரேனைவிடப் பந்தை இரண்டு முறை குறைவாக அடித்து முந்திக் கோப்பையை வென்றதை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உலகப் பொருளாதார நெருக்கடி சூழ்ந்திருந்த 2009இல் போட்டி நடைபெறவில்லை. பிறகு அது மீளவும் இல்லை.

2010 முதல் 2013 வரை நடந்த அவந்தா மாஸ்டர்ஸை அதன் தொடர்ச்சியாகச் சிலர் எழுதுவதால்தான் குழப்பம் வருகிறது. அது தனிப் போட்டி. அதன் வெற்றியாளர்கள் முறையே ஆண்ட்ரூ டாட், சௌராசியா, ஜேபி குரூகர், தாமஸ் ஐக்கன். சௌராசியாவின் இந்தியன் ஓப்பன் வெற்றிகள் 2016, 2017 ஆண்டுகளுக்கு உரியவை. ஆகவே அவர் பெயரை மூன்று பட்டியல்களிலும் தனித்தனியே எழுதுங்கள்.