பல்லுயிர்ப் பாதுகாப்பும் அரசுப் பணியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூழலியலில் முதுகலை முடித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் தவளைக் கணக்கெடுப்பு செய்துகொண்டிருக்கிறேன். வேலை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் நாங்கள் எழுதும் அறிக்கைகளை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. முடிவெடுக்கும் இடம் வேறெங்கோ இருக்கிறது என்று படுகிறது. அதனால் அரசுக்குள் போய் பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கை சார்ந்து வேலை செய்யலாமா என்று யோசிக்கிறேன். வனப்பணித் தேர்வு எழுதுவதா, முனைவர் பட்டம் முடித்து விஞ்ஞானியாக நுழைவதா? உள்ளே போனால் கோப்புகளுக்கு நடுவில் காட்டையே மறந்துவிடுவாய் என்கிறார்கள் நண்பர்கள். காட்டை அழிக்கும் திட்டம் ஒன்றுக்கு நீயே கையெழுத்துப் போட வேண்டிவரும் என்றும் சொல்கிறார்கள். அதுதான் உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். குரலைக் கேட்டே எந்தத் தவளை என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. சட்டமும் விதியும் தெரிந்தவர்கள் உள்ளே நிறைய இருக்கிறார்கள். உயிர்களைத் தெரிந்தவர்கள் வெளியே நிறைய இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் குறைவு.

அப்படிப்பட்டவர்கள் எதற்குத் தேவை என்பதைப் பாறுக் கழுகுகளின் கதையைப்போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. 1990களில் தெற்காசியா முழுக்கப் பாறுகள் செத்து விழத் தொடங்கின. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2004ல் வெளிவந்த, பாகிஸ்தானில் நடந்த ஆய்வு ஒன்று காரணத்தைக் கண்டுபிடித்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடும் டைக்ளோஃபினாக் மருந்துதான். அந்த ஊசி போடப்பட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்று நாடுகளும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தன.

இதோடு கதை முடிந்தது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்போம். முடியவில்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்து சட்டப்படியே விற்பனையில் இருந்தது. அதுவும் 30 மில்லி குப்பிகளில். மனிதருக்கு ஒரு தடவை போடுவதற்கு 3 மில்லி போதும். 30 மில்லி என்பது ஒரு மாட்டுக்குத் தாராளமாகப் போதுமான அளவு. தடையில் இருந்த ஓட்டை அந்தக் குப்பி. 2015ல்தான் இந்திய சுகாதார அமைச்சகம், ஒரு குப்பியில் 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டுமே என்று அறிவிக்கை வெளியிட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது.

கவனியுங்கள், இதில் வனத்துறை செய்வதற்கு அதிகாரம் எதுவும் இல்லை. பாறுகளைக் காக்கும் அந்த விதி மருந்துச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதை அங்கே கொண்டுசேர்க்க, பாறின் சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், மாட்டுக்கு எவ்வளவு மருந்து போடுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுக்கு மாற்று என்ன என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வேண்டும். பாறுகளுக்கு ஆபத்தில்லாத மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி இருந்ததால்தான் தடையை எழுதவே முடிந்தது. மாற்றைச் சொல்லாமல் தடை மட்டும் கேட்கும் அறிக்கைகள் மேசையிலேயே கிடந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே தேர்வா, ஆய்வா என்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் தவளைகளின் தலையெழுத்தை எந்தத் துறை எழுதுகிறது? பூச்சிமருந்துக்கு அனுமதி கொடுப்பது வேளாண்மைத் துறை. ஓடையின் குறுக்கே தடுப்பு கட்டுவது நீர்வளத் துறை. சாலையின் அடியில் விலங்குகள் கடக்க வழி விடுவதா வேண்டாமா என்பதை நெடுஞ்சாலைத் துறை தீர்மானிக்கும். இவை எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குவது நிதித் துறை. பல்லுயிர் என்ற சொல்லே பெயர்ப்பலகையில் இல்லாத அலுவலகத்தில் உங்களுடைய மிகச் சிறந்த வேலை நடக்கலாம்.

தேர்வுகளும் பதவிப் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும். அடிப்படையில் பாதைகள் ஒன்றுதான். தேர்வெழுதி அதிகாரியாகப் போனால் உத்தரவிடும் அதிகாரம் கிடைக்கும். ஆனால் ஆட்களை வைத்து வேலை வாங்குவது, பயிர்ச்சேதப் பஞ்சாயத்து, தீ, வழக்கு, மாற்றல் இவைதான் நாளின் பெரும்பகுதி. விஞ்ஞானியாகவோ தொழில்நுட்ப அலுவலராகவோ நுழைந்தால் அதிகாரம் குறைவு. ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். ஆனால் ஒரே விஷயத்தில் பல ஆண்டுகள் இருக்கலாம். ஒப்பந்த ஆலோசகராக நுழைவது எளிது. நிலைப்பது கடினம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவது வழிதான் உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. மனிதர்களிடம் வேலை வாங்குவது உங்களுக்குப் பிடிக்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிடிக்குமென்றால் யோசிக்காமல் தேர்வு எழுதுங்கள்.

முனைவர் பட்டம் பற்றி ஒரே வார்த்தை: ஓர் ஆய்வுக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் மட்டும் செய்யுங்கள். பதவிக்காகச் செய்யாதீர்கள்.

அதைவிட அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பக்கத்தில் எழுதுவது. உங்கள் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். அவை எத்தனை பக்கம்? முடிவெடுப்பவரின் மேசைக்குப் போவது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பிரச்சினை என்ன, எந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம், எடுத்தால் யாருக்கு என்ன செலவு, எடுக்காவிட்டால் என்ன ஆகும், கடைசியில் நீங்கள் பரிந்துரைப்பது என்ன. இதற்கு வெளியிலிருந்தே பயிற்சி எடுக்கலாம். சட்ட, விதி வரைவுகளை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்பது பல நாடுகளில் வழக்கம். ஒரு வரைவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நெடுவரிசை உள்ள அட்டவணை போடுங்கள்: வரைவில் உள்ள வாசகம், அதற்குப் பதிலாக நீங்கள் முன்வைக்கும் வாசகம், காரணம். "இந்த வரைவு காட்டுக்கு எதிரானது" என்று எழுதும் ஆயிரம் பேரின் கடிதங்கள் எண்ணிக்கையாகப் போய்விடும். மாற்று வாசகத்தைக் கையில் கொடுப்பவரின் கடிதத்தை அதிகாரி உட்கார்ந்து படிப்பார், ஏனென்றால் அவருடைய வேலையில் பாதியை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இளைஞர்கள் பலரையும் ஐ.நா. மாநாடுகள் இழுக்கின்றன. இழுக்கட்டும், தவறில்லை. ஆனால் 2010ல் ஜப்பானில் கூடி, 2020க்குள் எட்டுவதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்ட, ஐச்சி இலக்குகள் எனப்படும் 20 பல்லுயிர்ப் பாதுகாப்பு இலக்குகளில் உலக அளவில் ஒன்றுகூட முழுமையாக எட்டப்படவில்லை என்று பல்லுயிர் உடன்படிக்கையின் செயலகமே அறிவித்தது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் புதிதாக 23 இலக்குகள் வந்தன. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது அவற்றில் ஒன்று. அந்த 30 சதவீதம் எந்தெந்த நிலம், அங்கே ஏற்கெனவே வாழும் மக்களின் உரிமை என்ன, பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் மாநாட்டில் முடிவாகாது. அதை உள்நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியாக வேண்டும். கோஸ்டா ரிக்கா அதை எழுதியது. 1996ன் வனச் சட்டத்தில் எரிபொருள் வரியின் ஒரு பங்கை, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குப் போகும்படி செய்தார்கள். அந்த வரியைப் பற்றிய பிரிவு எனக்கு எந்த மாநாட்டுப் பேச்சைவிடவும் உற்சாகம் தருவது.

உள்ளே போனால் தோல்விகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் லிட்டில் டென்னஸி ஆற்றில் அழியும் நிலையில் இருந்த விரல் நீள மீன் ஒன்றுக்காக, ஏறக்குறைய கட்டி முடிக்கப்பட்ட டெல்லிகோ அணையை 1978ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு, அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்திலிருந்து அணைக்கு விலக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க அமைத்த உயர்மட்டக் குழு, மீதி வேலையை முடிக்க ஆகும் செலவுக்குக்கூட அணையின் பலன் ஈடாகாது என்று கணக்குப் பார்த்து, ஒருமனதாக மறுத்தது. அப்படியும் 1979ல் ஒரு நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் சேர்த்த விதிவிலக்கால் அணை முடிக்கப்பட்டது. ஆனால் மீன் அழியவில்லை. அதற்குள் வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது மீண்டுவிட்டதால், 2022ல் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மனம் நொந்து எல்லோரும் வெளியேறியிருந்தால் அந்த மீனை யார் பார்த்திருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொல்வது நடக்கும். நீங்கள் ஏற்காத திட்டம் உங்கள் மேசைக்கு வரும். கடைசி முடிவு உங்களுடையதாக இருக்காது. ஆனால் கோப்பில் குறிப்பு எழுதும் இடம் உங்களுடையது. வாயால் சொன்ன மறுப்பு அந்த அறையைத் தாண்டாது. எழுதிய குறிப்பு கோப்போடு போகும். பிறகு தணிக்கையாளர் கேட்டாலும் நீதிமன்றம் கேட்டாலும் அது அங்கே இருக்கும். கோபத்தோடு எழுதாதீர்கள், கொள்கை முழக்கமாகவும் எழுதாதீர்கள். ஓர் அணைத் திட்டத்துக்கான ஆய்வறிக்கையில் "இப்பகுதியில் அரிய தவளைகள் எதுவும் இல்லை" என்று இருக்கும். உங்களுக்கு உடனே கண்ணில் படும், கணக்கெடுப்பு ஏப்ரலில் நடந்திருக்கிறது, அதுவும் பகலில். அப்போது இப்படி எழுதுங்கள்: "கணக்கெடுப்பு மழைக்காலத்திலும் இரவிலும் நடத்தப்படவில்லை. அவ்வேளைகளில் மட்டுமே வெளிப்படும் இனங்கள் இதில் பதிவாக வாய்ப்பில்லை. மழைக்காலக் கணக்கெடுப்பு முடியும்வரை இந்த அறிக்கையின் அடிப்படையில் முடிவெடுக்க இயலாது எனப் பரிந்துரைக்கப்படுகிறது." தேதி போட்டு, அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள்.