இழுக்கிற கதவா, திறக்கிற கதவா?

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவில் வாங்கிய டவுன்ஹவுசின் பின்பக்கக் கண்ணாடிக் கதவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய அலுமினிய ஸ்லைடிங் கதவு, குளிர்காலத்தில் இறுகிப்போய் இழுபடுவதேயில்லை என்கிறீர்கள். வந்து பார்த்தவர், "பிரெஞ்ச் டோர் போடுங்கள், நல்ல வடிவாக இருக்கும்" என்றாராம், அதாவது பிணைச்சலில் திறக்கிற இரட்டைக் கண்ணாடிக் கதவு. நான் இரண்டு வகையோடும் குடியிருந்தவன். உங்கள் வீட்டுக்கு ஸ்லைடிங்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த "வடிவு" என்ற சொல்லில் நானும் ஒருமுறை விழுந்தேன்.

எங்கள் முதல் வீட்டில் குசினிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை, அதற்குப் பின்னால் டெக்குக்கு, அதாவது வெளியே உள்ள பலகைத் தளத்துக்கு, போகும் கதவு. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பதும் அதே அமைப்புத்தான். இங்கே இந்தக் கதவுகள் பெரும்பாலும் 6 அடி அகலம், 6 அடி 8 அங்குல உயரம். பிரெஞ்ச் டோர் என்றால் அதில் ஏறக்குறைய 3 அடி அகலமான இரண்டு கதவுகள். உள்ளே திறப்பது என்றால், அந்த 3 அடிக்குத் தரையில் எதுவும் நிற்கக்கூடாது. அம்மாவின் கதிரை சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. கோடையில் வெளியே இறைச்சி வாட்டும் நாட்களில் நான் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் அம்மா கோப்பையோடு எழும்பி நிற்பார். இரண்டாம் கோடையில் கதிரையைச் சுவர்ப்பக்கம் மாற்றிவிட்டு, "எனக்கு இங்கேதான் வசதி" என்றார். அவருக்கு அங்கே வசதியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியென்றால் வெளியே திறப்பதைப் போடலாமே என்று கேட்பீர்கள். ஒரு பெப்ரவரி இரவில் காற்று ஸ்னோவை அள்ளிக்கொண்டுவந்து கதவடியில் முழங்கால் உயரத்துக்குக் குவித்துவிட்டால், உள்ளேயிருந்து தள்ளித் திறக்க முடியாது. முன்கதவால் சுற்றிப் போய்த்தான் அள்ள வேண்டும். அதோடு வெளியே திறக்கும் கதவின் பிணைச்சல் வெளியில் தெரியும். ஆணியைக் கழற்ற முடியாத வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நுளம்பு வலையும் ஒரு தலையிடி. ஸ்லைடிங் கதவுக்கு வலை இன்னொரு தண்டவாளத்தில் ஓடும், அவ்வளவுதான். பிரெஞ்ச் டோருக்குப் பக்கத்திலிருந்து இழுத்து மூடும் சுருள் வலை போட்டோம். மகன் அதற்குள் ஓடிப் பாய்ந்து ஒரு மாதத்தில் வளைத்துவிட்டான்.

இதைவிட என்னைச் சோதித்தது நடுக்கோடு, இரண்டு கதவும் சந்திக்கிற இடம். ஒன்று மேலும் கீழும் கொண்டியால் நிற்கும், மற்றது அதன்மேல் வந்து மூடும். சனவரியில் ஒருநாள், வெளியே மைனஸ் 20 இருக்கும், சாமியறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து கதவோரமாக மெல்லக் கொண்டுபோனேன். பிணைச்சல் பக்கம் புகை நேராக மேலே போனது. நடுக்கோட்டுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளே அப்படியே படுத்துவிட்டது. உங்கள் பழைய கதவிலும் செய்து பாருங்கள், எங்கே காற்று வருகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

நியாயமாகச் சொன்னால் அது பிரெஞ்ச் டோரின் குற்றமல்ல. சரியாகப் பொருத்திய பிரெஞ்ச் டோர் ரப்பரை நெருக்கி அழுத்தி மூடுவதால் ஸ்லைடிங்கைவிட இறுக்கமாகவே நிற்கும். ஸ்லைடிங் கதவு ஓட வேண்டுமே, அதன் ஓரத்தில் காற்றை அடைக்கிற தூரிகைபோன்ற சீலுக்கு அந்த அழுத்தம் கிடையாது. எங்களுடையதைப் பூட்டியவர்கள் மட்டம் பார்க்காமல் பூட்டியதால் ஒரு கதவு இறங்கிவிட்டது. பெரிய ஹோல், கதவுக்கு முன்னால் வெறுந்தரை, அடிக்கடி இரண்டு பக்கத்தையும் விரியத் திறக்கிற தேவை, இவை இருந்தால் தாராளமாகப் போடுங்கள். முழு 6 அடியும் திறக்கிற சுகம் ஸ்லைடிங்கில் வராது, பாதிதான். ஆனால் சோபா கொண்டுவரும் நாளுக்கென்று தினமும் மேசையை நகர்த்த வேண்டாம்.

உங்கள் கதவு இறுகுவது ஸ்லைடிங் என்பதனால் அல்ல. பழைய அலுமினியச் சட்டம் குளிரை நேரே உள்ளே கடத்தும். குசினி ஆவி அதில் பட்டுத் தண்ணீராகி, கீழே தண்டவாளத்துக்குள் வடிந்து உறையும். அந்தத் தண்ணீர் வெளியே போகத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும். எங்கள் இரண்டாம் வீட்டில் அவற்றைச் சுத்தம் செய்தபோது சோற்றுப் பருக்கைகளும் ஒரு கிரேயான் துண்டும் வந்தன. ஒக்டோபரில் ஒருமுறை வக்கூம் பிடித்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவிடுங்கள். நான் முதல் வருடம் தேங்காயெண்ணெய் விட்டேன்! 24 பாகைக்குக் கீழேயே உறைகிற எண்ணெய், கனடாக் குளிரில் மெழுகாகி நின்றது. கொதிநீரும் ஊற்ற வேண்டாம், கண்ணாடி வெடிக்கலாம். ஊற்றிய தண்ணீரும் திரும்ப உறையும்.

புதுக் கதவு வைனில் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சட்டமாக இருக்கட்டும். மின்சாரமும் சூடும் மிச்சம் பிடிக்கிறவற்றுக்குக் கொடுக்கும் எனர்ஜி ஸ்டார் முத்திரையைப் பாருங்கள். கனடாவில் அதற்கு யூ-ஃபாக்டர் (சூடு வெளியே கசியும் அளவு) 1.22க்கு மேற்படாமலோ, ஈ.ஆர். எண் (கதவின் மொத்தச் சூட்டுச் சேமிப்புப் புள்ளி) 34க்குக் குறையாமலோ இருக்க வேண்டும். வடக்குப் பார்த்த கதவென்றால் மூன்றடுக்குக் கண்ணாடி எடுக்கலாம். தெற்கென்றால் சூட்டைத் திருப்பும் லோ-ஈ பூச்சும் நடுவில் ஆர்கன் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி போதும் என்பது என் எண்ணம். எதைப் போட்டாலும் சோறும் கறியும் கொதிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள ஃபானைப் போடுங்கள். தடித்த திரையை இரவில் முழுக்க மூடினால் அறைச் சூடு கண்ணாடிக்குப் போகாமல் வியர்வை இன்னும் கூடும், அதனால் கீழே ஒரு சாண் இடம் விடுங்கள்.

பூட்ட வருபவரிடம் பழைய சட்டத்தை முழுதாகக் கழற்றுவாரா, அடிப்பகுதியில் தண்ணீர் உள்ளே போகாமல் என்ன விரிப்பார், மட்டம் பார்ப்பாரா என்று கேளுங்கள். கதவின் விலையில் மிச்சம் பிடித்தாலும் பூட்டுகிற கூலியில் பிடிக்காதீர்கள். உங்கள் டவுன்ஹவுஸ் கொண்டோ (பலர் சேர்ந்து பொது இடங்களுக்கு உரிமையாளராக இருக்கும்) வகையென்றால் வெளிக்கதவு பொதுச் சொத்தாகவும் இருக்கலாம், முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இருக்கிற திறப்பை அகலமாக்குவதென்றால் நகரசபை பெர்மிட் வேண்டும். பிரெஞ்ச் டோர் போடச் சொன்னவர் உங்கள் வீட்டுக்கு வந்து அங்கேயே கையெழுத்து வாங்கியிருந்தால் பதற வேண்டாம். ஒன்ராறியோவில் ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். எழுத்தில் அனுப்பி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மனது பிரெஞ்ச் டோரிலேயே நின்றால், மாஸ்கிங் டேப்பால் கதவு சுழலும் அரைவட்டத்தைத் தரையில் ஒட்டிவிட்டு ஒரு கிழமை சாப்பிட்டுப் பாருங்கள். எத்தனை கதிரைக் கால் கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணினால் போதும்.

அப்புறம், பழைய தும்புத்தடியை எறிந்துவிடாதீர்கள். ஸ்லைடிங் கதவு வந்ததும் அதன் கம்பை அளந்து வெட்டி, தண்டவாளத்தில் கதவுக்குப் பின்னால் படுக்க வையுங்கள். பூட்டை யாராவது நெம்பினாலும் கதவு ஓடாது. எங்கள் வீட்டில் இப்போதும் அதுதான் இரவுக் காவல்.