மெல்லிய நரம்பும் நியாயமான ஆட்டமும்

அன்புள்ள ஐயா,

சென்ற வசந்த காலத்திலிருந்து, லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெரிய வாயுள்ள நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் பழகி வருகிறேன். என்னைப் படகில் அழைத்துச் செல்லும் பெரியவர் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போடுபவர். 6 பவுண்டுக்கு மேல் இழுவை தாங்கும் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அவர் தொடுவதே இல்லை. தடித்த நரம்பில் மீனை இழுத்துப் போடுவது கயிறு கட்டி மாட்டை இழுப்பது போல. மீனுக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டும், அதுதான் விளையாட்டு என்பது அவர் கட்சி. நானோ அந்த மெல்லிய நரம்பில் இரண்டு பெரிய மீன்களைப் பறிகொடுத்துவிட்டேன். எப்படியும் திருப்பி விடப்போகிற மீனுக்கு எதற்கு இவ்வளவு யோசனை என்றும் சில நேரம் தோன்றுகிறது. என்னைப் போன்றவர் எந்த நரம்பு, எந்த இரையுடன் தொடங்குவது நல்லது? முட்டைக்குக் காவல் நிற்கும் மீனைப் பிடிக்கலாமா? பெரியவரிடம் நான் என்ன சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியவர் சொல்வதற்கு நீண்ட மரபு உண்டு. 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ., ஒட்டுமொத்த உலகச் சாதனையோடு நரம்பின் வலிமை வாரியாகவும் தனித்தனியே சாதனைகளைப் பதிந்து வருகிறது. மெல்லிய நரம்பில் பெரிய மீனைக் கரை சேர்ப்பது கைத்திறன் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "மீனுக்கு ஒரு வாய்ப்பு" என்ற பேச்சுக்கு முழுப் பொருள் இருந்தது, பிடிபட்ட மீனெல்லாம் அடுப்புக்குப் போன காலத்தில்தான். அப்போது நரம்பு அறுந்தால் மீன் பிழைக்கும், அறாவிட்டால் சாகும். ஆகவே நரம்பு மெலிய மெலிய மீனுக்கு நன்மை. பாஸ் மீன்பிடிப் போட்டிகளை அமெரிக்கா முழுவதும் பரப்பிய ரே ஸ்காட், 1972இல் தம்முடைய போட்டிகளில் மீன்களை உயிரோடு எடை போட்டுத் திருப்பி விடும் வழக்கத்தைக் கொண்டுவந்த பிறகு, அது மெல்ல மெல்லப் பொது வழக்கமாகி, இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. இன்று மீனின் உயிரைத் தீர்மானிப்பது நரம்பு அறுவதா இல்லையா என்பதல்ல. அது எந்த நிலையில் தண்ணீருக்குத் திரும்புகிறது என்பதுதான். அந்த நிலையை மெல்லிய நரம்பு கெடுக்கிறது என்பது என் கருத்து.

பாஸ் நெடுந்தூரம் ஓடும் மீன் அல்ல. மூழ்கிய மரக்கிளையின் நிழலிலோ பாசித் திட்டின் விளிம்பிலோ அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும் மீன். அந்தப் பாய்ச்சலுக்கான தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே சிறிது நேரம் வேலை செய்யக்கூடியவை. அதற்கு விலையாக லாக்டிக் அமிலம் தசைகளிலும் இரத்தத்திலும் சேர்கிறது. போராட்டம் நீள நீள இது கூடும். கோடையில் வெதுவெதுப்பான நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் குறைவு என்பதால் மீன் தேறுவதற்கு அதிக நேரம் ஆகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு கோடைப் பிற்பகலில் பார்த்துவிட்டேன். மெல்லிய நரம்பைப் பற்றிய பெருமை எனக்கும் இருந்த நாட்கள் அவை. 6 பவுண்டு நரம்பில் சிக்கிய பெரிய பெட்டை மீன் ஒன்றை அறுந்துவிடுமோ என்ற பயத்தில் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கால் மணி நேரம் கழித்துப் படகோரம் கொண்டுவந்தேன். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. கீழ்த்தாடையைப் பிடித்து நிமிர்த்தி வைத்தபோது செவுள் மூடி ஒரு முறை திறந்து, நெடுநேரம் கழித்து மறுமுறை திறந்தது. கடைசியில் என் கையைவிட்டு நழுவி ஆழத்துக்குள் இறங்கியது. அது நீந்திப் போனதா, அமிழ்ந்து போனதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அன்று நான் அதற்குக் கொடுத்ததாக நினைத்த வாய்ப்பு என்ன என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நரம்பு அறுந்தால் மட்டும் மீனுக்கு என்ன லாபம்? நீங்கள் பறிகொடுத்த இரண்டு மீன்களும் வாயில் முள்ளோடும், அதில் தொங்கும் இரையோடும், சில அடி நரம்போடும் போயிருக்கின்றன. அந்த நரம்பு கட்டையில் சுற்றிக்கொண்டால் மீன் கட்டிப்போட்டது போல் நின்றுவிடும். எதற்கு இவ்வளவு யோசனை என்ற உங்கள் கேள்விக்கு இதுவே விடை. திருப்பி விடப்போகிறோம் என்பதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக உலகச் சாதனையையே பாருங்கள். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன் 77 ஆண்டுகள் தனித்து நின்றது. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல் எடை இருந்தது. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியால் இரண்டும் சமம் என்று அறிவிக்கப்பட்டன. குரிட்டா பயன்படுத்தியது 25 பவுண்டு நரம்பு. மீனைப் படகில் சேர்க்க அவருக்கு ஆனது ஏறத்தாழ 3 நிமிடம். அந்தச் சாதனையை மாடு இழுத்த கதை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனித் தளவாடங்களுக்கு வருகிறேன். 7 அடி நீளமுள்ள, நுனி மட்டும் விரைந்து வளையும் நடுத்தர வலிமைக் கோல் ஒன்று, ஃப்ளூரோகார்பன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன 15 பவுண்டு நரம்பு, 3/0 அளவு வளைகழுத்து முட்கள், கால் அவுன்ஸ் தோட்டா வடிவ ஈயக்குண்டுகள், இரையாக ஏழு அங்குலப் பிளாஸ்டிக் புழுக்கள் ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். கடையில் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் தொங்கும் மற்றவையெல்லாம் பெரும்பாலும் மீனைவிட மனிதரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை.

இவற்றைக் கொண்டு, முள் நுனி புழுவுக்குள் மறைந்திருக்கும் டெக்சஸ் ரிக் என்ற அமைப்பைக் கட்டப் பழகுங்கள். ஈயக்குண்டை அதன் கூர்முனை கோலைப் பார்த்திருக்கும்படி நரம்பில் கோத்து, அடியில் முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, தலை முள்ளின் வளைந்த கழுத்தில் போய் உட்காரும் வரை இழுத்து, முள்ளைப் பாதிச் சுற்றுத் திருப்பி, நுனியை மறுபடியும் புழுவின் உடலுக்குள் புதைத்துவிடுங்கள். புழு வளையாமல் நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் நீருக்குள் சுழன்று நரம்பை முறுக்கும். நுனி புதைந்திருப்பதால் பாசியிலும் கிளையிலும் மாட்டாமல், பாஸ் ஒளிந்திருக்கும் இடத்துக்குள்ளேயே இதை இறக்கலாம். அங்கிருந்து மீனை வெளியே கொண்டுவர 6 பவுண்டு நரம்பால் ஆகாது. அல்லி இலைகள் மூடிய இடத்தில் ரப்பர் தவளையை இரையாக ஓட்டுகிறவர்கள் 50, 65 பவுண்டு பின்னல் நரம்பு போடுவதும் இதனால்தான்.

பெரும்பாலான கடிகள் புழு கீழே இறங்கும்போதே விழும். கையில் விரலால் சுண்டியது போல் ஒரு தட்டல் தெரியலாம். அல்லது ஒன்றுமே தெரியாமல் நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்து உடனே கோலைச் சுண்டுங்கள். நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருப்பவர்தான் முள்ளைத் தொண்டைக்குள் இறக்குகிறார். அப்படி இறங்கிவிட்டால் தோண்டிக் குடையாதீர்கள். நரம்பை முள்ளுக்கு அருகே வெட்டிவிட்டு மீனை விடுவது பல நேரங்களில் நல்லது. சிறிய மீனைக் கீழ்த்தாடையில் கட்டைவிரல் வைத்துச் செங்குத்தாகத் தூக்கலாம். பெரிய மீனுக்கு மறுகையை ஈரமாக்கி வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். முழு எடையும் தாடையில் தொங்கினால் தாடை சேதமாகும். உலர்ந்த கை பட்டால் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் கையோடு வந்துவிடும்.

பெரியவர் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போல் தெளிந்த, கிளையோ பாசியோ இல்லாத ஆழமான நீரில், தடித்த நரம்பைக் கண்டால் மீன் இரையைத் தொடாது. அங்கே சிறிய புழுவும் மெல்லிய நரம்பும் தேவைதான். நீர் குளிர்ந்திருக்கும் பருவத்தில் அதனால் பெரிய தீங்கும் இல்லை. அந்த வேளையில் மீனைக் காப்பது டிராக், அதாவது நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் உள்ள இறுக்கத் திருகு. நரம்பு அறுவதற்குச் சற்று முன்பே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும்படி அதைத் திருகி வைப்பது பல ஆண்டுக் கைப்பழக்கம்.

முட்டைக்குக் காவல் நிற்கும் மீனைப் பற்றிக் கேட்டீர்கள். நீர் சுமார் 60 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் பாஸ் வாலால் தரையைத் துடைத்துத் தட்டுப் போன்ற பள்ளம் செய்யும். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போனபின் முட்டையையும் குஞ்சுகளையும் அது ஒன்றே காக்கும். உங்கள் இரையை அது கவ்வுவது பெரும்பாலும் பசியால் அல்ல, துரத்துவதற்காக. அதைத் தூக்கிய சில நிமிடங்களுக்குள் புளூகில் என்னும் சிறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் வடக்கே சில மாநிலங்கள் இந்தப் பருவத்துக்குத் தனி விதிகள் வைத்திருக்கின்றன. தெற்கே பெரும்பாலும் தடை இல்லை. காவல் நிற்கும் மீனுக்கு நான் தூண்டில் போடுவதில்லை. நீங்கள் போடுவதானால் தடித்த நரம்பில் ஒரு நிமிடத்துக்குள் எடுத்து, அதே பள்ளத்தின் மேலேயே விட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்காகப் படகை அங்குமிங்கும் நகர்த்த வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் மீனை நோக்கிச் சுண்டும்போது முள் வாய்க்கு வெளியே குத்திவிடுவதும் உண்டு. 2006 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் டிக்சன் ஏரியில் மாக் வீக்லி தூக்கிய மீன் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. பெர்ரியின் சாதனையை அது எளிதாகத் தாண்டியிருக்கும். முள் மாட்டியிருந்தது வாயில் அல்ல, உடலில். அவர் அதைத் திருப்பி விட்டுவிட்டு, சாதனைக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார். மீனாக விரும்பி வந்து வாயால் கவ்வ வேண்டும் என்பதில் உங்கள் பெரியவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே அவரிடம் வாதிட வேண்டாம். அவர் படகு, அவர் நரம்பு. நீங்கள் உங்கள் ரீலில் 15 பவுண்டு சுற்றிக்கொண்டு போங்கள். டிராக்கை எப்படித் திருகி வைப்பது என்பதை மட்டும் அவரிடம் கேட்டு, அவர் நரம்பை விரலால் இழுத்துப் பார்க்கும்போது எவ்வளவு அழுத்தத்தில் ரீல் இளகுகிறது என்று நீங்களும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். எழுதிச் சொல்லித்தர என்னால் முடியாத ஒன்று அது.