ஐநூறு ரூபாயும் ஒரு பாட்டில் மஞ்சாடியும்

அன்புள்ள அக்கா,

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைக்குப் பிறந்தநாள். தேக்கடியில் ஓட்டலில் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா ஏலக்காய் வியாபாரி. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பில் பாதி, பரிசுக்கான நிபந்தனைதான். பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், புத்தகம் வேண்டாம், பட்டியலில் உள்ளதை மட்டும் வாங்கவும், 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது, பில்லையும் சேர்த்து வைக்கவும். குரூப்பில் 22 பேர் 'ஓகே' போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பேசவே இல்லை. 'ஆயிரமாக் குடுத்து நாம யாருன்னு காட்டுவோம்' என்கிறார் என் கணவர். எனக்கோ அந்தப் பிள்ளையின் அம்மாவிடமே 'இது முறையா' என்று கேட்டுவிடலாமா என்றிருக்கிறது. மகள் பாசிமாலை ஒன்று கோத்து வைத்துக்கொண்டு, எப்போது போவோம் என்று நச்சரிக்கிறாள்.

எஸ்.

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம்தான் அப்பாவின் மொய் நோட்டுகளைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பிளாஸ்டிக் வேண்டாம் என்பது நல்ல விஷயம். புத்தகம் வேண்டாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அந்தம்மாவிடம் போய் முறை கேட்க வேண்டாம். அது சண்டையில்தான் முடியும்.

அந்த 500-ஐத்தான் என்னால் விட முடியவில்லை. நம் பக்கத்து மொய், செய்முறை லேசானதில்லை. மாமன் சீர் தனி, பங்காளி தனி. வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு நிற்காது. மலைக்கு அந்தப் பக்கமும் இது உண்டு. மலபாரில் வடகரை வட்டாரத்தில் பணப்பயற்று என்பார்கள். தேநீருக்கு அழைத்துப் பணம் வாங்கி நோட்டில் எழுதி, கொடுத்தவர்கள் முறை வரும்போது கூட்டித் திருப்புவார்கள். இத்தனை கறாரான கணக்கிலும் 'இவ்வளவுக்குக் குறையாமல் கொண்டு வா' என்று பத்திரிகையில் அச்சடித்தவர் எவரும் உண்டா? அப்பாவின் நோட்டில் 11 ரூபாயும் இருக்கிறது, 1001-ம் இருக்கிறது. இரண்டையும் மைக்கில் ஒரே குரலில்தான் வாசித்தார்கள். வாங்குகிறவன் கை நீட்டலாம், அளவு சொல்லக் கூடாது. அதிலும் அந்தக் கணக்கு பெரியவர்களுக்குள் நடப்பது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த நோட்டிலும் பக்கம் கிடையாது.

நான் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். கணக்கப்பிள்ளை வீட்டில் மலையாளக் குடும்பம்; அவர்கள் மகள் என் சேக்காளி. அவர்கள் பிறந்தநாளை நட்சத்திரம் பார்த்துத்தான் வைப்பார்கள். விளக்கேற்றி, பிள்ளைக்கு முதல் இலை போட்டு, பாயசத்தோடு சாப்பாடு. எனக்கும் அழைப்பு வந்தது. கொண்டுபோக வீட்டில் என்ன இருந்தது? கீழே ஆச்சி ஊருக்குப் போனபோதெல்லாம் கோயிலுக்குப் பின்னால் பொறுக்கிச் சேர்த்த மஞ்சாடி, அந்தச் சிவப்பு மர விதை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, தட்டான் பொன் நிறுக்கிறது இதை வச்சுத்தான் என்று ஆச்சி சொல்லியிருந்ததால், அது பெரிய சொத்து என்றே நினைத்திருந்தேன். அங்கே போனால் எனக்கு முன்னால் நின்ற பையன் கையில் வெள்ளி டம்ளர். பாட்டிலைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். சேக்காளியின் அம்மா பார்த்துவிட்டார். என்ன என்று கேட்கவில்லை. வாங்கி, ஒரு வெங்கல உருளியில் கொட்டி, விளக்குப் பக்கத்தில் வைத்தார். குருவாயூரில் பிள்ளைகள் உருளியிலிருந்து மஞ்சாடியை இரண்டு கையாலும் வாரி வேண்டிக்கொள்வார்களாம். 'வா மோளே, நீயும் வாரிக்கோ' என்றார். அன்று வந்த பிள்ளைகளெல்லாம் அந்த உருளியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். வாரும்போது விரலிடுக்கில் அது வழுக்கி ஓடுகிற குளிர்ச்சி இப்போதும் கையில் இருக்கிறது.

அந்த அம்மா வாசலில் பில் கேட்டிருந்தால் நான் லயத்துக்குத் திரும்பி ஓடியிருப்பேன்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, தங்கச்சி. ஆயிரம் கொடுத்து யாருக்கு எதைக் காட்டப் போகிறீர்கள்? 500 என்று எழுதிய அந்தம்மாவுக்கும் உங்களுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? அடுத்த அழைப்பில் அது ஆயிரமாக வந்து நிற்கும். 22 பேரும் அதற்கும் ஓகே போடுவார்கள்.

நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன அந்த இரண்டு பேர்தான் என் கண்ணிலேயே நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாதா? விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலக்காட்டு வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறுகிற பெண்களில் யாராவது, வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவளாக இருக்கலாம். ஏலக்காட்டில் 500 ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அவள் ஓகே போடவும் முடியாது, முடியாது என்று எழுதவும் முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள்.

பாசிமாலையை நல்ல தாளில் சுற்றி மகள் கையில் கொடுங்கள். பட்டியலில் இல்லையே என்று யாராவது கேட்டால், 'இவளே கோத்தது' என்று மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கே அந்த இரண்டு பேருக்கும் போன் போடுங்கள். பரிசைப் பற்றிப் பேச்செடுக்காமல், 'நாங்க கார்லதான் போறோம், பிள்ளைய எங்ககூட அனுப்புங்க' என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் மிச்சப் பாசி இருக்குமே. சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு மாலை கோக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா